வாசிகசாலைப் பலகையில் 'வரலாற்றில் இன்று': ஒரு திகதியைப் பிழையில்லாமல் எழுதும் வழி

உங்கள் ஊர் வாசிகசாலையிலோ பள்ளிக்கூட வாசலிலோ 'வரலாற்றில் இன்று' பலகை எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இது உங்களுக்குத்தான். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே பார்த்து எழுதினால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் இரண்டாம் கிழமைக்குள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து "தம்பி, இந்தத் திகதி பிழை" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். அதற்குள் அந்த வரி நாலு பிள்ளைகளின் கொப்பியில் ஏறி, ஒரு பேச்சுப்போட்டியிலும் ஒலித்திருக்கும்.

பிழைகள் எந்த வாசலால் நுழைகின்றன, எழுதுமுன் எப்படிப் பிடிப்பது என்பதைப் படிப்படியாகத் தருகிறேன். உதாரணத்துக்கு ஏப்ரல் 23ஐ எடுத்துக்கொள்வோம். உலக புத்தக நாள் என்பதால் வாசிகசாலைகள் பலகை வைக்க விரும்பும் நாள் அது. பொறிகளும் அந்த ஒரு நாளிலேயே நிறைய இருக்கின்றன.

1. பலகையில் எத்தனை வரி என்று முதலில் கணக்கிடுங்கள்

செய்தி திரட்டுவதற்கு முன் இடத்தை அளவுங்கள். வாசலில் நின்று பத்தடி தூரத்தில் வாசிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் வருவதால் வரிக்கு வரி இடைவெளி கூடுதலாகத் தேவை. நாலடி அகலம், மூன்றடி உயரமான வெண்பலகையில் தலைப்பும் ஓரமும் போக 12 வரிதான் வசதியாக வரும். வரிக்கு ஏறத்தாழ 24 எழுத்து.

ஒரு நிகழ்வுக்கு இரண்டு, மூன்று வரி போகும். ஆகவே நாளொன்றுக்கு நாலு அல்லது ஐந்து நிகழ்வுகள் போதும். இணையப் பட்டியலில் நூறு கிடக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஐந்தைச் சரிபார்ப்பதுதான் உங்கள் வேலை.

2. போகுமுன் கையில் எடுக்க வேண்டியவை

வாசிகசாலைக் குழுவின் கடிதம் ஒன்று எடுங்கள். தலைவர், செயலாளர் கையொப்பமும் நிலையத்தின் முத்திரையும் இருக்க வேண்டும். 'இன்னார் எமது பலகைக்காகப் பழைய பத்திரிகைகளைப் பார்வையிட வருகிறார்' என்று ஒரு பந்தி போதும். பொது நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ பழைய இதழ்க் கட்டுகளைக் கேட்கும்போது இந்தக் கடிதமும் தேசிய அடையாள அட்டையும் பாதி வேலையை முடித்துவிடும். இரண்டிலும் போட்டோகொப்பி வைத்திருங்கள். பல்கலைக்கழக நூலகம் வெளியாட்களுக்கு இயல்பாகத் திறந்த இடமல்ல. முதல் நாள் கடிதத்தைக் கொடுத்து, அனுமதி கிடைத்த பிறகு இன்னொரு நாள் போகிற கணக்கில் திட்டமிடுங்கள். போனில் படமெடுப்பதற்குத் தனியாகக் கேளுங்கள். பழைய தாள் மடிப்பில் உடையும். பக்கத்தை விரல் நுனியால் புரட்டாமல் முழுக் கையால் தாங்கித் திருப்புங்கள்.

பலகை வாசிகசாலை வளவுக்குள் என்றால் குழுத் தீர்மானம் போதும், அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். மதிலுக்கு வெளியே வீதியோரம் வைப்பதானால் பிரதேச சபையிடமோ நகர சபையிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்ச்சொல் அனுமதி ஆள் மாறியதும் போய்விடும்.

செலவு பெரிதல்ல. 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் எண்ணிம (இணைய) நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், சஞ்சிகைகள், மலர்கள் இலவசமாகக் கிடக்கின்றன. பஸ் காசு செலவழிக்க முன் அதைத் துழாவுங்கள். விலை கடைக்குக் கடை மாறுவதால் அளவை மட்டும் சொல்கிறேன்: தினமும் எழுதினால் மாதத்துக்குக் கறுப்பு மார்க்கர் 2, நீலம் 1, சிவப்பு 1, கடின அட்டைக் கொப்பி ஆண்டுக்கு ஒன்று. வெண்பலகை மார்க்கரைத்தான் வாங்க வேண்டும். அழியாத மார்க்கர் கலந்துவிட்டால் பலகையே கெட்டுவிடும். கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரேயொரு திகதிக்காகப் போகாதீர்கள். பதினைந்து இருபது ஐயங்களைச் சேர்த்துக்கொண்டு, போய்வர முழுதாக இரண்டு மூன்று நாள் ஒதுக்கிப் போங்கள்.

3. பட்டியல் திரட்டுதல்

ஏப்ரல் 23க்கு முதற் பட்டியல் இப்படி வரும்:

1564 – ஷேக்ஸ்பியர் பிறப்பு
1616 – ஷேக்ஸ்பியர், ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் இருவரும் ஒரே நாளில் மறைவு
1858 – இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பிறப்பு
1938 – பாடகி எஸ். ஜானகி பிறப்பு
1956 – யாழ்தேவி ரயில் சேவை தொடக்கம்
1992 – சத்யஜித் ராய் மறைவு
1995 – முதலாவது உலக புத்தக நாள்
2005 – யூடியூபில் முதல் காணொளி
2019 – உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் இறந்தோருக்குத் தேசிய துக்க நாள்

ஒன்பது வரியில் நாலு வரி இப்படியே எழுதக்கூடாதவை. எவை என்று அடுத்த படியில் தெரியும். இந்தப் பட்டியலைத் திரட்ட அரை மணித்தியாலம் போதும். மீதி நேரத்தைச் சோதனைக்கு வைத்திருங்கள்.

4. திகதியைச் சோதித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொரு வரியையும் கீழே உள்ள ஆறு கேள்விகளாலும் தட்டிப் பாருங்கள்.

பழைய நாட்காட்டியா, புதியதா? கத்தோலிக்க நாடுகள் 1582 ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை ஒக்டோபர் 15 என்று வைத்துப் புதிய நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அங்கே செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆனது. ஆகவே 1616 இல் ஸ்பெயினின் ஏப்ரல் 23உம் இங்கிலாந்தின் ஏப்ரல் 23உம் பத்து நாள் இடைவெளி உள்ள இரு வேறு நாட்கள். ஷேக்ஸ்பியர் இறந்த நாள் புதிய கணக்கில் மே 3. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் செய்யப்பட்டது 23. 'இருவரும் ஒரே நாளில்' என்ற அழகான வரியை மனமில்லாமல்தான் அழிக்க வேண்டியிருக்கும், ஆனால் அழியுங்கள். ரஷ்யா மாறியது 1918 இல். அதனால்தான் ஒக்டோபர் புரட்சி நவம்பர் 7 இல் நினைவுகூரப்படுகிறது. வித்தியாசம் 1700 வரை 10 நாள், 18ஆம் நூற்றாண்டில் 11, 19 இல் 12, 20 இல் 13.

யாழ்ப்பாணத்துத் திகதிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. போர்த்துக்கேயர் 1582 இலேயே மாறிவிட்டார்கள். ஒல்லாந்துக் கம்பனியும் புதிய நாட்காட்டிதான். பிரித்தானியர் இங்கே வந்தது 1795 இல், அவர்கள் நாட்டில் மாற்றம் வந்த பிறகு. எனவே 1582க்குப் பிந்திய யாழ்ப்பாணத் திகதிகளைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. 1560 இல் கொன்ஸ்தந்தீனோ த பிறகன்சா படையெடுத்து வந்தது போன்றவை மட்டும் பழைய கணக்கு.

எந்த ஊர் நேரம்? யூடியூபின் முதல் காணொளி கலிபோர்னியாவில் ஏப்ரல் 23 இரவு ஏறியது. அப்போது இங்கே 24 காலை. நிலவில் மனிதன் கால் வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, எங்களுக்கு ஜூலை 21 காலை 8.26. எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்த் திகதியில் எழுதுங்கள். இங்குள்ள நாள் வேறானால் 'இலங்கை நேரப்படி' என்று சேருங்கள். நிலவுக்கு ஊர்த் திகதி இல்லை, ஆகவே அதை 21 இல் 'இலங்கை நேரப்படி' என்று எழுதுவது எங்கள் வாசகருக்குப் பொருத்தம்.

மணியும் எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இலங்கையின் கடிகாரம் 1996 மே 25 இல் ஒரு மணித்தியாலம் முன்னே போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. 2004 டிசெம்பர் 26 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம் இந்திய நேரம் 6.28க்கு, அன்றைய இலங்கை நேரம் 6.58க்கு. வன்னியில் அப்போது பழைய நேரமே பாவனையில் இருந்தது. ஆகவே நேரில் கண்டவர்களின் வாக்குமூலத்தில் அரை மணித்தியாலம் வேறுபட்டால் அவர்கள் பிழை சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நள்ளிரவைத் தாண்டியதா? இரவில் தொடங்கி விடியும்வரை நடந்தவற்றுக்கு இரண்டு திகதி இருக்கும். பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தோடுதான் மாறும். வெள்ளி அதிகாலை மூன்று மணியை எங்கள் பெரியவர்கள் 'வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி' என்பார்கள். எங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு. மே 31 இரவு என்று எழுதியவர்களும் உண்டு, ஜூன் 1 இரவு என்று எழுதியவர்களும் உண்டு. ஒன்றைத் தெரிவுசெய்து மற்றதை மறுக்க வேண்டாம். '1981 மே 31 – ஜூன் 1' என்று எழுதி இரண்டு நாளும் பலகையில் விடுங்கள். எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பதையும் சேருங்கள். அந்தக் கட்டடம் திறக்கப்பட்ட 1959 ஒக்டோபர் 11ஐயும் உங்கள் கொப்பியில் குறித்து வையுங்கள். எரிந்த நாளை மட்டும் அறிந்த பிள்ளைக்குத் திறந்த நாளும் தெரிய வேண்டும்.

பிறந்த நாளா, பதிந்த நாளா? ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 இல் திருமுழுக்கு நடந்ததற்குத்தான் பதிவு இருக்கிறது. 23 பிறப்பு என்பது மரபு. உள்ளூரிலும் இதே சிக்கல். பழைய பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதி ஒரு கூட்டில், பதிவு செய்த திகதி வேறு கூட்டில் இருக்கும். அவசரத்தில் மற்றதைப் பார்த்து எழுதிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்த காலமும் இருந்தது. பாடசாலை இடாப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

அறிவித்த நாளா, தொடங்கிய நாளா? யுனெஸ்கோ உலக புத்தக நாளை அறிவித்தது 1995 இன் பிற்பகுதியில் கூடிய பொது மாநாட்டில். அப்படியானால் அதே ஆண்டு ஏப்ரல் 23ஐ 'முதலாவது' என்று எழுதுவது இடிக்கிறது. 'உலக புத்தக நாள் – 1995 இல் யுனெஸ்கோ அறிவித்தது' என்றால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. ரயிலுக்கும் இதே கேள்வி. யாழ்தேவி போருக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது 2014 ஒக்டோபர் 13, காங்கேசன்துறை வரை போனது 2015 ஜனவரி 2. 'மீண்டும் ஓடத் தொடங்கியது' என்று மொட்டையாக எழுதாமல் எந்த நிலையம் வரை என்று சொல்லுங்கள்.

கிழமை பொருந்துகிறதா? மிக மலிவான சோதனை இதுதான். பழைய பத்திரிகையிலோ மலரிலோ திகதியோடு கிழமையும் இருந்தால் நாட்காட்டியில் ஒத்துப் பாருங்கள். 1901க்கும் 2099க்கும் இடையில் 28 ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டி அப்படியே திரும்பும். 1956க்கு 1984 அல்லது 2012 நாட்காட்டி பொருந்தும். ஏப்ரல் 23 திங்கட்கிழமை. கிழமை இடித்தால் பெரும்பாலும் பத்திரிகையின் திகதியை நிகழ்வின் திகதியாக எடுத்திருப்பீர்கள். 24ஆம் திகதிப் பேப்பர் 'நேற்று' என்பது 23. வார இதழின் 'கடந்த ஞாயிறு' இன்னும் பின்னே போகும்.

5. உள்ளூர் ஆட்களின் திகதி: கல்வெட்டும் பஞ்சாங்கமும்

ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுத ஆயிரம் இடம் இருக்கிறது. உங்கள் ஊர் அண்ணாவியார், வாசிகசாலைக்குக் காணி கொடுத்தவர், முதல் தலைமையாசிரியர் ஆகியோரைப் பற்றி எழுத உங்கள் பலகை மட்டும்தான் இருக்கிறது. இவர்களுக்கான சிறந்த ஆதாரம் அந்தியேட்டியன்று (இறந்து முப்பத்தோராம் நாள் கிரியை) வெளியிடும் கல்வெட்டு. இது கல்லில் வெட்டியதல்ல, இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல். ஊரில் பழைய பெட்டகங்களில் இன்னும் கிடக்கும். இரவல் வாங்கிப் போகாமல் அந்த வீட்டிலேயே படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். உயிரோடு இருப்பவரின் விபரமோ குடும்ப விடயமோ என்றால் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம்.

கல்வெட்டில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா ஒன்று இருக்கும். ஆண்டுப் பெயர், மாதம், பூர்வபக்கமோ (வளர்பிறை) அபரபக்கமோ (தேய்பிறை), திதி எல்லாம் அதற்குள் அடங்கும். மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். சித்திரபானு 1822உம் ஆகும், 1882உம் ஆகும், 1942உம் ஆகும். வேறொரு சான்றால் எந்தச் சுற்று என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, மாதப் பெயர். வெளியூர் ஆட்கள் இதில் தவறாமல் விழுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கில மாதத்தையே தமிழ்ப் பெயரால் சொல்லும் வழக்கம் உண்டு. துண்டுப்பிரசுரத்தில் 'சித்திரை 23' என்றிருந்தால் அது ஏப்ரல் 23 ஆக இருக்கலாம். பஞ்சாங்கச் சித்திரை 23 என்றால் மே மாத முதற் கிழமை வந்துவிடும். பக்கத்தில் கிழமை இருந்தால் அதை வைத்துத் தீருங்கள், இல்லையென்றால் அதே தாளில் வேறு திகதி எதையாவது பிடித்துப் பாருங்கள்.

மூன்றாவது, வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வேளை ஒரு நாள் வேறுபடும். குடும்பம் எதைப் பின்பற்றியது என்று கேளுங்கள்.

பழக ஒரு நல்ல உதாரணம் ஆறுமுக நாவலர். பிறப்பு சித்திரபானு ஆண்டு மார்கழி 5, அதாவது 1822 டிசெம்பர் 18. மறைவு 1879 டிசெம்பர் 5, வெள்ளிக்கிழமை. குருபூசையோ கார்த்திகை மகத்தில் வரும், ஆங்கிலத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிசெம்பர் 5 பலகையில் 'நாவலர் மறைந்த நாள்' என்று எழுதுங்கள், 'குருபூசை நாள்' என்று எழுதாதீர்கள். கோயிலில் வேறொரு நாள் குருபூசை நடக்க, பலகை பிழையென்று சனம் நினைக்கும்.

6. எழுதும் முறை

ஆண்டு, ஆள், என்ன நடந்தது, எங்கே என்ற ஒழுங்கில் எழுதுங்கள். 'மாபெரும்', 'ஈடிணையற்ற' போன்ற அடைமொழிகள் இடத்தைத் தின்னும். சோதித்த பிறகு ஏப்ரல் 23 பலகை இவ்வளவுதான்:

உலக புத்தக நாள் – 1995 இல் யுனெஸ்கோ அறிவித்தது.
1616 – ஷேக்ஸ்பியர் மறைவு, இங்கிலாந்து (புதிய நாட்காட்டியில் மே 3).
1858 – மாக்ஸ் பிளாங்க் பிறப்பு, ஜெர்மனி.
1956 – யாழ்தேவி ரயில் சேவை தொடக்கம்.
2019 – உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் இறந்தோருக்குத் தேசிய துக்க நாள்.

எஸ். ஜானகியும் சத்யஜித் ராயும் சரியான வரிகளே. அடுத்த ஆண்டுக்கு மாற்றி வையுங்கள்.

உயிரிழப்பு எண்ணிக்கையில் நிதானம் வேண்டும். 1974 ஜனவரி 10 தமிழாராய்ச்சி மாநாட்டுத் துயரத்தில் இறந்தோர் தொகை சில இடத்தில் 9, சில இடத்தில் 11. ஒரே எண்ணைச் சொல்லும் இரண்டு தனித்தனி ஆதாரம் கிடைக்கும்வரை எண்ணில்லாமல் எழுதுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான்.

படம் ஒட்டுவதானால் எடுத்தவர் யார் என்று பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியோனின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும். உள்ளூர்ப் படமென்றால் குடும்பத்திடம் கேட்டு, கீழே நன்றி எழுதுங்கள்.

7. காலக் கணக்கு

மூன்று கிழமை முன்னே ஓடுங்கள். 21 நாள் முன் பட்டியல், 14 நாள் முன் ஆதாரம் தேடல், 7 நாள் முன் இன்னொருவர் வாசித்துத் திருத்துதல், முதல் நாள் மாலை எழுதுதல். காலையில் எழுதினால் அவசரத்தில் 1956 இடம் மாறி 1965 ஆகும். தினமும் எழுத ஆளில்லை என்றால் கிழமைக்கு ஒரு பலகை வையுங்கள். சரிபார்க்காத ஏழு பலகையைவிட அது நல்லது. புதுவருடம், திருவிழா, பரீட்சைக் காலங்களுக்கு முன்கூட்டியே எழுதித் தாளில் வையுங்கள்.

8. பிழை வந்துவிட்டால்

அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கக்கூடாது. பிழையான பலகை எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாள், அதே இடத்தில், சிவப்பில் 'திருத்தம்' என்று எழுதுங்கள். கொப்பி எடுத்த பிள்ளைகளும் திருத்தட்டும். சுட்டிக்காட்டியவரிடம் ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் ஒரு கல்வெட்டோ பழைய மலரோ இருக்கும், அடுத்த பத்துத் திகதிக்கு உதவும்.

கொப்பியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடப்பக்க ஓரத்தில் நிகழ்வு, வலப்பக்கத்தில் ஆதாரம், பார்த்த திகதி, பார்த்தவர் பெயர். மொத்தம் 366 பக்கம் விடுங்கள், பெப்ரவரி 29க்கும் ஒன்று வேண்டும். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தது 1904 பெப்ரவரி 29 இல். மற்ற ஆண்டுகளில் அவரை 28 இல் எழுதுவதா, மார்ச் 1 இல் எழுதுவதா என்று குழுவில் இப்போதே தீர்மானித்து, அந்தப் பக்கத்தின் தலையில் குறித்து வையுங்கள்.